மரமும் நரம்பும்: பழங்கிதாரைச் செப்பனிடுதலும் பேணுதலும்



மொழிக்கென நடைபெறும் சொற்பொழிவு வரிசையில் கிதாருக்கு என்ன இடம் என்று சிலர் எண்ணக்கூடும். ஒரு கருவியைப் பழுதுபார்க்க வேண்டுமெனில் அதன் உறுப்புகளுக்குப் பெயர் தெரிய வேண்டும். அதில் நேர்ந்த குற்றங்களுக்கும் பெயர் தெரிய வேண்டும். பெயரில்லாத குற்றம் கண்ணுக்குப் படுவதில்லை. கைத்தொழிலும் சொல்லும் இவ்வாறு ஒன்றையொன்று தாங்கி நிற்கின்றன. அதனாலேயே இப்பொருளை இன்று இந்தப் பாசிர் கூடாங் மண்ணில் எடுத்துக்கொள்கிறோம்.

நம்மவர் இல்லங்களில் அலமாரிக்கு மேலும், பள்ளிகளின் பொருளறை மூலைகளிலும் பழைய கிதார்கள் கிடக்கின்றன. 1966ஆம் ஆண்டு யமாஹா நிறுவனம் வெளியிடத் தொடங்கிய எஃப்.ஜி. வரிசையைச் சேர்ந்தவை அவற்றுட் சில. கபோக் என்னும் சீனத் தயாரிப்பு சில. பெயர்ச்சீட்டே உதிர்ந்துபோனவை பல. தந்தை திருமண மேடையில் வாசித்தது, மாமா தோட்டத்து இன்னிசைக் குழுவில் வாசித்தது என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு வரலாறு உண்டு. இவை குப்பைக்குப் போவதும் உண்டு. அன்பு மிகுதியால் தவறாகப் பழுதுபார்க்கப்பட்டு ஊமையாவதும் உண்டு. இரண்டாவது இழப்பே நம் கையால் தடுக்கக்கூடியது. இவ்வுரை அதைப் பற்றியது.

யாழ் கற்பிக்கும் பாடம்

நரம்புக்கருவியைச் சோதித்தறியும் கலை தமிழர்க்குப் புதிதன்று. ஏறத்தாழ ஆயிரம் ஆண்டுகளுக்கு முற்பட்ட சீவக சிந்தாமணியில் காந்தருவதத்தையார் இலம்பகத்தை நினைவுகொள்வோம். இசைப் போட்டிக்கு வந்த சீவகன் முன் யாழ்கள் ஒவ்வொன்றாக நீட்டப்படுகின்றன. அவன் உடனே வாசித்துவிடவில்லை. முதலில் மரத்தைப் பார்க்கிறான். ஒன்று நீரில் நின்று இளகிய மரம் என்கிறான். மற்றொன்று ஆயுதம் பட்ட மரம் என்கிறான். இன்னொன்று இடியேறு உண்டது என்கிறான். பின்னர் நரம்பை ஆராய்ந்து, அதனுள் மயிர் இருப்பதை எடுத்துக் காட்டுகிறான். கதைத்தலைவன் தன் புலமையை நிறுவியது இசையால் மட்டும் அன்று. வாசிக்கும் முன்னரே கருவியின் நோயைக் கண்டறிந்ததாலும் ஆகும்.

சிலப்பதிகார உரையாசிரியர்கள் இதனை இலக்கணமாகவே வகுத்துள்ளனர். கொன்றை, கருங்காலி, முருக்கு, குமிழ், தணக்கு ஆகிய ஐந்தும் யாழுக்கு உரிய மரங்கள். அவையும் சமநிலத்தில், மிகாமலும் குறையாமலும் காற்று வீசும் இடத்தில் வளர்ந்தவையாக இருத்தல் வேண்டும். நரம்பின் குற்றங்கள் நான்கு: கொடும்புரி, மயிர், தும்பு, முறுக்கு. புரி கோணியது, மயிர் கலந்தது, நார் பிரிந்து நிற்பது, முறுக்கு மிகுந்தது என இவற்றை எளிமையாக விளங்கிக்கொள்ளலாம். மரம் வளர்ந்த இடத்தின் காற்றுகூடக் கருவியின் குரலில் தங்கும் என்று அறிந்திருந்த மரபு நம்முடையது.

அத்தகைய மரபு இருந்தும் பண்டைய யாழ் ஒன்றுகூட இன்று நம் கையில் இல்லை. சொற்கள் எஞ்சின, கருவி எஞ்சவில்லை. சொற்களை மட்டும் கொண்டு கருவியை மீட்டெடுக்க விபுலாநந்த அடிகள் நெடுங்காலம் உழைத்து ஆக்கிய ‘யாழ் நூல்’ 1947ஆம் ஆண்டு கரந்தைத் தமிழ்ச் சங்கத்தின் வழியாக வெளிவந்தது. அண்மைக் காலத்தில் தருண் சேகர் என்னும் இளைஞர் சென்னையில் ‘உரு’ என்னும் பெயரில் கருவிகள் செய்துவருகிறார். அவரும் இலக்கியக் குறிப்புகளைக் கொண்டு யாழை மீண்டும் உருவாக்கியுள்ளார். போற்றத்தக்க முயற்சிகள் இவை. ஆயினும் மறைந்த ஒன்றை மீட்பதற்கு எத்துணை உழைப்பு வேண்டும் என்பதற்கும் இவையே சான்று. இருப்பதைப் பேணுவது அதனினும் எளிது.

கிதாரின் நிலை யாழுக்கு நேர்மாறானது. கருவி நம்மிடம் இருக்கிறது. அதனைப் பேணும் சொற்கள்தாம் நம் நாவில் இல்லை.

நம் ஊருக்கு வந்த கருவி

கிதார் ஐரோப்பாவில் பிறந்து வளர்ந்தது. இன்று நாம் காணும் ஆறு தந்திக் கிதாரின் வடிவைப் பெரிதும் நிலைநிறுத்தியவர் ஸ்பெயின் நாட்டுக் கைவினைஞர் அந்தோனியோ டி டோரஸ் (1817–1892). குரல் பிறப்பது மேற்பலகையில்தான் என்பதை மெய்ப்பிக்க, 1862ஆம் ஆண்டு அவர் பக்கங்களையும் பின்பக்கத்தையும் காகித அட்டையால் செய்து, மேற்பலகையை மட்டும் மரத்தால் அமைத்து ஒரு கிதார் செய்தார். அது பார்சலோனா இசை அருங்காட்சியகத்தில் உள்ளது. பழுதுபார்ப்போர் இச்செய்தியை மறத்தலாகாது: மேற்பலகைமேல் நாம் பூசும் ஒவ்வொரு பூச்சும் குரல்வளையின்மேல் பூசும் பூச்சாகும்.

ஜொகூரின் அடையாளங்களுள் ஒன்றான மலாய் கஜல் இசையில் இந்தியாவிலிருந்து வந்த ஆர்மோனியமும் தபேலாவும், அரபு மரபின் காம்புஸும், ஐரோப்பியக் கிதாரும் ஒரே பாயில் அமர்ந்திருக்கின்றன. பினாங்கில் டேவிட் ஆறுமுகம், லோகநாதன் ஆறுமுகம் ஆகிய சகோதரர்கள் முன்னின்று நடத்திய ‘அலிகேட்ஸ்’ குழுவை நாடே அறியும். ஆகவே கிதார் இன்று நமக்கு அயற்கருவி அன்று.

மரத்தாலும் அது நமக்கு உறவு. உயர்ந்த கிதார்களின் முதுகுக்கும் பக்கங்களுக்கும் நெடுங்காலம் பிரேசில் நாட்டு ஈட்டி மரமே பயன்பட்டது. அதன் வரத்துக் குறைந்தபோது, 1833ஆம் ஆண்டு முதல் கிதார் செய்துவரும் அமெரிக்காவின் மார்ட்டின் நிறுவனம் 1969ஆம் ஆண்டையொட்டி இந்திய ஈட்டிக்கு மாறியது. தோதகத்தி என்றும் தமிழர் அழைக்கும் அம்மரம் மேற்குத் தொடர்ச்சி மலையில் வளர்வது. அமெரிக்கக் கிதாரின் முதுகில் நம் முன்னோர் நாட்டு மரத்தின் வரியோட்டம் தெரிகிறது என்றால் அது கற்பனையன்று. பிரேசில் ஈட்டி 1992 முதல் பன்னாட்டு வணிகத்தில் மிகக் கடுமையான கட்டுப்பாட்டுக்கு உட்பட்டது. ஆதலால் பழங்கிதாரை விற்கவோ நீரிணைக்கு அப்பால் அனுப்பவோ எண்ணுவோர், மரம் எது என்பதையும் அதற்குரிய அனுமதி விதியையும் முதலில் அறிந்துகொள்ளல் வேண்டும்.

உறுப்புகளும் பெயர்களும்

தஞ்சை வீணைத் தச்சர்களின் பட்டறைச் சொற்கள் கிதாருக்கு வியக்கத்தக்க வகையில் பொருந்துகின்றன. தந்தியை முறுக்கும் திருகு பிரடை. தந்திகளைத் தாங்கி அதிர்வை மேற்பலகைக்குக் கடத்துவது குதிரை. விரற்பலகையில் குறுக்கே பதிந்த உலோகக் கம்பி மெட்டு. மேற்பலகையின் உட்புறம் ஒட்டப்பட்டு அதனைத் தாங்குபவற்றை உட்சட்டங்கள் எனலாம். தச்சர் விலங்குத் தோலிலிருந்தும் எலும்பிலிருந்தும் காய்ச்சும் பசைக்கு வச்சிரம் என்று பெயர். பழங்கிதார்களில் மெருகாகப் பூசப்பட்டது அரக்கு; இந்திய மரங்களில் வாழும் சிறு பூச்சி தருவது அது.

பிரடை, குதிரை, மெட்டு, வச்சிரம், அரக்கு ஆகிய ஐந்து சொற்களையும் மாணவர் இன்று மனத்தில் இருத்திக்கொள்வாராக. இனி வரும் செய்திகளுக்கு இவையே திறவுகோல்.

ஈரம் என்னும் எதிரி

மரம் வெட்டப்பட்ட பின்னும் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சவும் வெளியிடவும் செய்கிறது. ஈரம் ஏறினால் வரியோட்டத்திற்குக் குறுக்கே விரிகிறது, இறங்கினால் சுருங்குகிறது. கிதார் செய்வோர் 45 முதல் 55 விழுக்காடு வரையிலான ஈரப்பதத்தை உகந்ததாகக் கொள்வர். கடலையும் ஆற்று முகங்களையும் ஒட்டிய பாசிர் கூடாங்கிலோ வெளிக்காற்றின் ஈரப்பதம் ஆண்டு முழுவதும் 80 விழுக்காட்டை ஒட்டியே நிற்கிறது.

அதன் விளைவுகளை வரிசையாகக் காணலாம். ஏறத்தாழ மூன்று மில்லிமீட்டர் தடிப்பே உள்ள மேற்பலகை குதிரைக்குப் பின்னே புடைக்கிறது. குதிரை உயர, தந்திகள் விரற்பலகையைவிட்டு எழும்புகின்றன. அழுத்துவோர் விரல் நோகிறது. வச்சிரம் ஈரத்திலும் வெப்பத்திலும் இளகுவதால் உட்சட்டங்கள் ஒட்டுவிடுகின்றன. உப்புக் காற்றில் தந்தியும் பிரடையும் துருவேறுகின்றன. மூடிவைத்த பெட்டிக்குள் பூஞ்சணம் படர்கிறது.

இன்னொரு தீங்கும் உண்டு. குளிரூட்டிய அறையில் இரவெல்லாம் இருந்த கிதாரைப் பகலில் வெளிக்கூடத்தில் வைத்து, மாலையில் மீண்டும் குளிரறைக்குக் கொண்டுசெல்கிறோம். மரம் விரிந்தும் சுருங்கியும் களைத்துப் பிளக்கிறது. நிலையான ஈரத்தைவிட மாறிமாறி வரும் ஈரமே மரத்தை விரைவில் பிளக்கச் செய்யும்.

முதலில் பார்த்தல்

பழங்கிதார் ஒன்று கைக்கு வந்தால் முதல் நாள் எதனையும் ஒட்டவோ தேய்க்கவோ வேண்டா. சீவகனைப்போல் முதலில் ஆராய்வோம். ஒலித்துளையின் உள்ளே சிறு கண்ணாடியையும் விளக்கையும் செலுத்திப் பெயர்ச்சீட்டையும் வரிசை எண்ணையும் குறித்துக்கொள்வோம். விரற்கணுவால் மேற்பலகையை மெல்லத் தட்டுவோம். ஓரிடத்தில் சலசலப்புக் கேட்டால் அங்கே உட்சட்டம் விட்டிருக்கிறது. குதிரைக்கும் மேற்பலகைக்கும் இடையே மெல்லிய காகிதம் நுழைகிறதா என்று பார்ப்போம். நுழைந்தால் குதிரை எழும்பத் தொடங்கிவிட்டது. நீள அளவுகோலை விரற்பலகையின்மேல் வைத்துக் கழுத்து வளைந்துள்ளதா என அறிவோம். மெல்லிய மரத்தூள் உதிர்ந்தால் மரம் உளுக்கிறது. அக்கருவியைப் பிற கருவிகளிலிருந்து உடனே பிரித்துவைக்க வேண்டும்.

அடுத்து, அக்கிதார் நைலான் தந்திக்கு உரியதா, எஃகுத் தந்திக்கு உரியதா என்று தெளிதல் வேண்டும். எஃகுத் தந்திகள் ஆறும் சேர்ந்து ஏறத்தாழ 70 கிலோகிராம் அளவுக்கு இழுக்கின்றன. நைலான் தந்திகளின் இழுப்பு அதில் பாதியளவே. நைலானுக்கு உரிய கிதாரில் எஃகுத் தந்தியைப் பூட்டினால் குதிரை பெயர்ந்துவிடும். சிலவேளை மேற்பலகையும் உடன் கிழியும். பள்ளிகளில் பாழாகும் கிதார்கள் பலவற்றுக்கு இவ்வொன்றே காரணம்.

செப்பனிடும் அறம்

செப்பனிடுவதில் அடிப்படை நெறி ஒன்றே: நாம் செய்வதை நமக்குப் பின் வருபவர் பிரித்தெடுக்க இயலவேண்டும். பழங்கைவினைஞர் வச்சிரத்தைப் பயன்படுத்தியதன் பயன் இங்கே விளங்கும். வச்சிரம் காய்ந்தபின் கல்போல் இறுகும். ஆயினும் வெப்பமும் ஈரமும் ஊட்டினால் இளகிக்கொடுக்கும். புறாவின் வால்போல் விரிந்த பொருத்தால் உடலோடு பூட்டப்பட்ட கழுத்தை நீராவி செலுத்திக் கழற்றி, கோணத்தைத் திருத்தி, மீண்டும் பூட்டுகிறார்கள் அல்லவா? வச்சிரம் இருப்பதால்தான் அது இயல்கிறது. கடையில் கிடைக்கும் இருகுழாய்ப் பசையையோ நொடியில் ஒட்டும் பசையையோ அப்பொருத்தில் ஊற்றிவிட்டால், அடுத்த முறை கழுத்தைக் கழற்ற மரத்தையே அறுக்க நேரும். இன்றைய ஒட்டுதல் நாளைய பழுதுபார்ப்பின் கதவை அடைத்துவிடுகிறது.

வெடிப்பு நேர்ந்த இடத்தில் பலகையை மெல்ல நெருக்கி, வச்சிரமிட்டு, உட்புறத்தில் காசளவு மெல்லிய மரத்துண்டுகளைக் குறுக்கே ஒட்டுவர். இடைவெளி பெரிதாயின் அதே இன மரத்தின் சீவலைச் செருகுவர். கழுத்தைக் கழற்றுதல், மெட்டுகளை மாற்றுதல் போன்றவற்றைத் தேர்ந்த கைவினைஞரிடம் விடுதலே முறை. நம் நாட்டிலும் அத்தகையோர் உளர். நாம் சாலையோரத்தில் நாள்தோறும் காணும் தூங்குமூஞ்சி மரத்தைக் கொண்டு கிதார் செய்து உலகின் கவனத்தை ஈர்த்தவர் மலேசியக் கைவினைஞர் ஜெஃப்ரி யோங்.

பழைய மெருகைச் சுரண்டிப் புதிதாய்ப் பூசுவது பலரும் செய்ய விழைவது. அரக்கு மெருகு சாராயத்தில் கரையும். கறை நீக்க அதனைத் தொட்டாலே மெருகு குழம்பிவிடும். தேய்ப்புத்தாளோ மேற்பலகையின் தடிப்பையே குறைக்கும். அதன்மேல் தடித்த வார்னிஷ் ஏறினால் கருவி பளபளக்கும், குரலோ அடங்கும். விரல் பட்டுத் தேய்ந்த தடமும் நிறம் மங்கிய இடமும் கருவியின் வரலாறு. ஏட்டுச்சுவடியின் ஓரம் கறுத்திருக்கிறது என்று எவரேனும் அதனை வெட்டி எறிவரோ?

இதற்குப் புகழ்பெற்ற சான்று அமெரிக்கப் பாடகர் வில்லி நெல்சனின் ‘டிரிக்கர்’ என்னும் மார்ட்டின் கிதார். 1969 முதல் அவர் கையில் இருக்கும் அக்கருவியின் மேற்பலகை, ஒலித்துளைக்கு அருகே தேய்ந்து தேய்ந்து ஓட்டையாகியுள்ளது. அதனைப் பல்லாண்டுகளாகப் பேணிவரும் கைவினைஞர் மார்க் எர்லவைன் அவ்வோட்டையை அடைக்கவில்லை. தேய்ந்த மரத்தை மெருகால் காத்து, உட்சட்டங்களை உறுதியாக வைத்திருக்கிறார். கருவி பாடுகிறது, ஓட்டை இருக்கட்டும் என்பதே அவர் முடிவு. எதைத் தொடக்கூடாது என்று அறிவது செப்பனிடுவோர் அறிவில் செம்பாதி.

நாள்தோறும் பேணுதல்

செப்பனிடுதல் சிலரால் ஆவது. பேணுதல் எல்லாராலும் ஆவது. அதற்கு வேண்டியவை மிகச் சில.

கிதார் இருக்கும் அறையில் ஈரப்பதமானி ஒன்று வைப்போம். விலை குறைந்த பொருள்தான். பெட்டிக்குள் ஈரம் உறிஞ்சும் சிலிக்காப் பைகளை இட்டு, ஈரமேறியபின் மாற்றுவோம். வாரம் ஒருமுறையேனும் பெட்டியைத் திறந்து வாசிப்போம். வாசிக்கப்படும் கருவியின் குறை உடனே காதில் படும். குளியலறைச் சுவரிலும் வெயில் படும் சன்னலருகிலும் தொங்கவிட வேண்டா. வெயிலில் நிறுத்திய மகிழுந்துக்குள் ஒருநாளும் விடலாகாது. அங்கே ஏறும் வெப்பம் வச்சிரத்தை இளக்கப் போதுமானது.

வாசித்து முடித்ததும் உலர்ந்த பருத்தித் துணியால் தந்திகளையும் கழுத்தையும் துடைப்போம். வியர்வையும் கடற்காற்றும் சேர்ந்தால் தந்தி சில வாரங்களிலேயே துருப்பிடிக்கும். விரற்பலகைக்குத் தேங்காய் எண்ணெய் பூசும் வழக்கத்தை விட்டுவிடுவோம். அது உலராமல் தங்கிக் காறிப்போகும். பல மாதங்கள் வாசிக்க வாய்ப்பில்லை எனில் பிரடைகளைச் சற்றுத் தளர்த்தி, மேற்பலகைக்கு ஓய்வளிப்பது நன்று.

பள்ளிக்கு ஒரு கருவி ஏடு

ஆசிரியப் பெருமக்கள்முன் ஒரு வேண்டுகோளை வைக்கிறோம். பள்ளியிலுள்ள ஒவ்வொரு கருவிக்கும் தமிழில் ஒரு கருவி ஏடு தொடங்குங்கள். செய்தவர் பெயர், வரிசை எண், மரம், தந்தியின் வகை, யார் வழியாக வந்தது, எங்கெங்கே என்ன குற்றம், எந்த நாளில் என்ன பசையால் ஒட்டப்பட்டது ஆகியவற்றை மாணவரே எழுதட்டும். வாரந்தோறும் ஈரப்பதமானி காட்டும் அளவையும் குறிக்கட்டும். ஓராண்டில் அவ்வேடு அறிவியல் பாடமாகவும் இருக்கும், மொழிப் பாடமாகவும் இருக்கும். ‘குதிரையின் இடப்பக்கம் ஒரு மயிரிழை எழும்பியுள்ளது’ என்று எழுதத் தெரிந்த மாணவர், குதிரை முழுதும் பெயர்ந்து விழும்வரை காத்திருக்கமாட்டார்.

மாணவச் செல்வங்களே, வீட்டிலுள்ள பெரியவர்களிடம் கேளுங்கள். இந்தக் கிதார் யாருடையது, எந்தக் குழுவில் வாசித்தது, எந்தப் பாட்டு முதலில் பழகியது என்று கேட்டு எழுதுங்கள். மரத்தை ஒட்டக் கைவினைஞர் இருக்கிறார். அந்த நினைவுகள் விட்டுப்போனால் மீண்டும் ஒட்டுவதற்கு வச்சிரம் இல்லை.

பட்டக் கலைக்கென ஓர் அருங்காட்சியகத்தையே எழுப்பிக் காத்துவரும் ஊர் இது. வாவ் பட்டத்தின் தலையில் கட்டிய வில்லின் நாண் காற்றில் முரலுவதை இவ்வூரார் அறிவர். மூங்கிலும் நாணும் காற்றும் கூடி எழுப்பும் அவ்வொலியைப் பேணத் தெரிந்த ஊருக்கு, மரமும் தந்தியும் விரலும் கூடி எழுப்பும் ஒலியைப் பேணுவது அரிதாகாது. யாழை நாம் சொல்லாக மட்டும் பெற்றோம். கிதாரைச் சொல்லோடும் குரலோடும் அடுத்த தலைமுறைக்குத் தருவோம்.